கண்ணில் வளர்வதும் காலில் வளராததும்

விழித்திரைப் பிரிவில் கவுன்சலர் வேலை எனக்கு. டாக்டர் பார்த்து முடித்ததும் நோயாளிகள் என்னிடம்தான் வருவார்கள். என்ன நோய், என்ன சிகிச்சை, எவ்வளவு செலவு என்று புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். "சர்க்கரையால கண்ணுக்குள்ள புதுசா ரத்தக்குழாய் வளர்ந்திருக்கு" என்றால் சிலர் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பெரியவர் கேட்டேவிட்டார்: "இதயத்துல அடைப்பைச் சுத்தி தானா குழாய் உண்டாகியிருக்கு, நல்லதுன்னாங்களே. கண்ணுல வந்தா மட்டும் ஆகாதாம்மா?"

நியாயமான கேள்வி. வருடக்கணக்கில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் விழித்திரையின் நுண்ணிய குழாய்கள் அடைபடும். ஆக்ஸிஜன் போதாத விழித்திரை, விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது. கருவில் குழந்தை வளரவும் புண் ஆறவும் உதவுகிற அதே புரதம்தான். ஆனால் இப்படிக் கண்ணில் முளைக்கும் குழாய்களின் சுவர் பலவீனமானது. கசியும், உடையும், கண்ணுக்குள் ரத்தம் நிறையும். கூடவே வளரும் தழும்புத் திசு விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும்.

அவருடைய கால் பெருவிரலில் கட்டுப் போட்டிருந்தது. மாதக்கணக்கில் ஆறாத புண்ணாம். அங்கே குழாய் வளர வேண்டும், வளரவில்லை. இத்தனைக்கும் இரண்டுக்கும் காரணம் அதே சர்க்கரை. "அப்போ கண்ணுல நிறுத்திட்டு, கால்ல வளர ஒரு ஊசி போடுங்களேன்" என்றார். சிரிப்பு வந்தாலும், ஆராய்ச்சியாளர்கள் போராடுவதே இதற்குத்தான். வளர்ச்சிக் காரணி, அதாவது திசுவை வளரத் தூண்டும் புரதம், கலந்த களிம்பு ஒன்று 1997லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அதைத் தடவவும் காலில் போதுமான ரத்த ஓட்டம் இருந்தாக வேண்டும்!

தடுப்பதில்தான் மருத்துவம் முந்திக்கொண்டது. புதுக் குழாய்களைத் தடுத்தால் புற்றுக்கட்டியைக் கட்டுப்படுத்தலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. அந்த வழியில் வந்த, விஇஜிஎஃப் புரதத்தைத் தடுக்கும் அவாஸ்டின் என்ற மருந்து, 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அடுத்த வருடமே அமெரிக்கக் கண் மருத்துவர்கள் அதில் ஒரு துளியைக் கண்ணுக்குள் போட்டுப் பார்த்தார்கள். விலை குறைவு என்பதால் எங்களிடமும் பலருக்கு அதுதான். "கேன்சர் மருந்தா?" என்று கையெழுத்துப் போடும் நேரத்தில் பதறுபவர்களைச் சமாதானப்படுத்துவதே என் பாதி வேலை.

நான் விடாமல் கேட்பது வேறொன்று: சமீபத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வந்ததா? கண்ணில் போடும் மருந்து கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும். அந்தப் புரதமோ உடம்பின் மற்ற இடங்களுக்குத் தேவை. பெரியவருக்கு மாரடைப்பு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. டாக்டர் ஊசியைத் தள்ளிவைத்து லேசர் செய்யச் சொன்னார். அது விழித்திரையின் ஓரப் பகுதிகளைச் சுட்டு, ஆக்ஸிஜன் தேவையைக் குறைக்கும். அப்புறம் புரதமும் குறையும். காலுக்கு ரத்தக்குழாய் சர்ஜனைப் பார்க்கச் சொல்லிக் கடிதமும் கொடுத்தார்.

"லேசர் என் இதயத்துக் குழாயை ஒண்ணும் பண்ணிடாதே?" என்று கிளம்பும்போது கேட்டார்.

"பண்ணாதுங்க ஐயா. அது கண்ணோட நின்னுடும்."