செவ்வாயின் வானத்துக்கு என்ன நிறம்? – கல்லடி நாட்குறிப்பு

11 ஜூலை 2025, வெள்ளி

ஆடி பிறக்கப் போகிறது, ஸ்டூடியோவில் கல்யாண வேலை ஒன்றும் இல்லை. பல வருடமாக நினைத்திருந்ததை இன்று தொடங்கிவிட்டேன். நள்ளிரவுக்குப் பிறகு டேட்டா மலிவு, அதனால் விழித்திருந்து நாசாவின் காப்பகத்திலிருந்து வைக்கிங் 1 எடுத்த படங்களை இறக்கினேன். 1976 ஜூலை 20 அன்று செவ்வாயில் கிரைசி சமவெளியில் இறங்கிய கலம் அது. எல்லாமே கறுப்பு வெள்ளைக் கோப்புகள். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. மூன்றையும் சேர்த்தால்தான் நிறம் வரும்.

அந்தக் கமரா வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிலிம் கிடையாது, நம் கமராவில் இருப்பது போன்ற சென்சரும் கிடையாது. ஒரு கண்ணாடி மேலும் கீழும் அசைய, வெளிச்சம் புள்ளி புள்ளியாக ஒரு சின்ன ஃபோட்டோடயோடில், அதாவது வெளிச்சத்தை மின்சாரமாக்கும் துண்டில், விழுகிறது. ஒரு நெடுங்கோட்டுக்கு 512 புள்ளிகள். அது முடிந்ததும் கமரா கொஞ்சம் திரும்பி அடுத்த கோட்டை எடுக்கிறது. பன்பாய் இழைப்பது போலத்தான், ஒவ்வொரு பன்னாக. ஒரு புள்ளிக்கு 64 படி வெளிச்சம் மட்டுமே. இன்றைய சாதாரண ஜேபெக் படத்திலேயே 256 உண்டு.

13 ஜூலை, ஞாயிறு

படம் திருத்தும் மென்பொருளான கிம்பில் மூன்று கோப்புகளையும் அடுக்கிவிட்டு, கைப்பழக்கத்தில் நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸை அழுத்தினேன். கல் சாம்பல், மண் தவிட்டு நிறம், வானம் வெளிர் நீலம். பாசிக்குடாவுக்குப் போகிற வழியில் எடுத்த படம் என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். ஒரு நிமிடம் மகிழ்ந்து போனேன். அப்புறம்தான் நெஞ்சு திக்கென்றது.

1976இல் நடந்ததும் இதுதான். இறங்கிய மறுநாள் வந்த முதல் வண்ணப் படத்தை அவசரமாகச் சரிசெய்து வெளியிட்டபோது வானம் நீலமாக இருந்தது. பிறகு அளவு பார்த்துத் திருத்தினார்கள். இளஞ்சிவப்பு கலந்த மஞ்சளாக மாறியது. அதைச் செய்தியாளர்களிடம் அறிவித்தபோது அவர்கள் ஏமாற்றத்தில் செல்லமாகக் கூச்சல் போட்டார்கள் என்று வானியலாளர் கார்ல் சேகன் எழுதியிருக்கிறார். அவர்களுக்கும் நம்முடைய வானம்தான் வேண்டியிருந்தது. ஆட்டோ பட்டனும் அப்படித்தான்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே முழு அளவுக்கு இழுத்துச் சமன்செய்து, இருக்கிற சிவப்பையெல்லாம் துடைத்து எறிந்துவிடுகிறது.

16 ஜூலை, புதன்

மூன்று இரவாக ஒரே வேலை. கலத்தின் மேலேயே சாம்பல் கட்டங்களும் சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்களும் கொண்ட அட்டைகளைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். அவற்றின் நிறத்தைப் பூமியிலேயே அளந்து வைத்திருந்தார்கள். கண்ணை நம்பாமல் அட்டையை நம்பு என்பதுதான் அதன் பொருள். இன்னொரு சிக்கலும் உண்டு. நிறத்துக்கான டயோடுகளில் அகச்சிவப்பு வெளிச்சமும் கசிந்து உள்ளே போகும். அதைக் கழிக்காவிட்டால் நிறம் பொய் சொல்லும்.

சரி, சாம்பல் கட்டம் சாம்பலாகத் தெரியும்வரை திருத்தினால் போதுமா? போதாது. அங்கே அந்த அட்டையின் மேல் விழுவதே சிவந்த வெளிச்சம். இது எனக்குக் கல்யாண வீட்டில் பழகிய விஷயம். சிவப்புத் துணி கட்டிய பந்தலுக்குள் மாப்பிள்ளையின் வேட்டியும் சிவப்பு ஏறித்தான் நிற்கும். வேட்டியைப் பால் வெள்ளையாக்கினால் துணியின் உண்மை நிறம் கிடைக்கும், ஆனால் பந்தல் காணாமல் போய்விடும். கல்லை ஆராய்கிறவருக்கு வேட்டி வெள்ளையாக வேண்டும், பூமி வெளிச்சத்தில் அந்தக் கல் எப்படித் தெரியும் என்று பார்க்க. எனக்குப் பந்தல் வேண்டும். அங்கே போய் நின்றால் என் கண்ணுக்கு என்ன தெரியுமோ, அது.

17 ஜூலை, வியாழன்

அம்மா பின்னால் வந்து நின்று பார்த்தா. "இது எந்தப் பக்கம் மனே, உன்னிச்சையா?" என்றா. செவ்வாய் என்றேன். "தண்ணியில்லாத காடு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டா.

19 ஜூலை, சனி

இரண்டு நாளாகக் கச்சான் காற்று அனலாக அடிக்கிறது. பின்னேரம் கல்லடிப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். வாவிக்கு மேலே தூசி. வானம் கலங்கி, மஞ்சளும் சிவப்பும் குழம்பிக் கிடந்தது. செவ்வாயில் பகலெல்லாம் இப்படித்தான். காற்றில் மிதக்கிற இரும்புத் துரு கலந்த தூசி நீலத்தை விழுங்கிவிடுகிறது. ஆனால் அங்கே பொழுது சாயும்போது நேர்மாறு: அந்த மெல்லிய தூசி நீல வெளிச்சத்தைச் சூரியனை ஒட்டியே சிதறவிடுவதால், சூரியனைச் சுற்றி நீலம் படரும். நமக்குச் சிவக்கிற நேரத்தில் அங்கே நீலம். அதை நினைத்துக்கொண்டே இருட்டும்வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்து கடைசித் திருத்தம் செய்தேன். மண் செங்கல் பொடி நிறம், வானம் பழுப்பு மஞ்சள், கல்லின் நிழலில்கூட ஒரு செம்மை. கலத்தின் வெள்ளைப் பாகங்களும் லேசாகச் சிவந்தே இருக்கின்றன. அவற்றைத் தொடவில்லை.

நாளையோடு அந்தக் கலம் இறங்கி 49 வருடம். காலையில் ஸ்டூடியோவைத் திறந்ததும் முதல் வேலை, இதை 12க்கு 18இல் பிரிண்ட் போடுவது.