தாள் ஏன் கீழே விழுந்தது: ரேடியேட்டர் ஃபேன் படிப்பவர்களுக்கு என் தேர்வு அனுபவம்

ஐடிஐ இரண்டாம் வருடச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த வேலை, ஸ்டாண்டில் நின்ற டீசல் இன்ஜினில் ஃபேனையும் ஃபேன் பெல்ட்டையும் கழற்றி மாட்டுவது. மெக்கானிக் மோட்டார் வெகிக்கிள் டிரேடில் இதைவிட லேசான வேலை வராது என்று கூட நின்றவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு போல்ட், ஒரு பெல்ட். சீக்கிரமே முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். இன்ஜின் ஓடியது. சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. அவர் மதிப்பெண் தாள்களுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி, ரேடியேட்டரின் முன்முகத்தில் வைத்துக் கையை எடுத்தார். தாள் ஒரு நொடி ஒட்டியது மாதிரி நின்று, சரிந்து கீழே விழுந்தது. இன்னொரு தடவை வைத்தார். மறுபடியும் விழுந்தது. "நல்லா இழுக்கிற ஃபேன்னா இந்தத் தாளைப் பிடிச்சு வச்சிருக்கணும்ப்பா. என்ன பண்ணியிருக்க, பாரு" என்றார்.

ஃபேனை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தேன்.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்கு இன்றைக்கும் உதவுகிற கேள்வி. "திருப்பி மாட்டினா காத்து எந்தப் பக்கம் போகும்?" யோசிக்காமல் "எதிர்ப்பக்கம் போகும் சார்" என்றேன். தப்பு. ஒரு போல்ட்டை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் வலது மரை வலது மரையாகவே இருக்கிறது இல்லையா, ஃபேனும் அப்படித்தான். திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் போகும். பிளேடின் வளைவும் முன்விளிம்பும் தப்பான பக்கம் வந்துவிடுவதால் இழுக்கிற அளவு மட்டும் குறைந்துபோகும். காற்றின் திசை மாற வேண்டுமென்றால் சுற்றும் திசை மாற வேண்டும். காரின் எலெக்ட்ரிக் ஃபேனில் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் அதுதான் நடக்கும். ஃபேன் சுற்றும், சத்தமும் சரியாக இருக்கும், ஆனால் வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத கோளாறு இது. தாளை வைத்தால் உடனே தெரியும்.

அவர் என்னைத் திருப்பி மாட்ட விட்டார். தாள் ரேடியேட்டரில் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டது. தேறிவிட்டேன். பிறகு டிப்ளமோ ஆட்டோமொபைலில் நேரடியாக இரண்டாம் வருடம் சேர்ந்து, இறுதி வருட புராஜெக்ட்டாக ஃபேன் ஷ்ரவுட்டையே, அதாவது ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் காற்றைக் குவிக்கும் கூட்டையே எடுத்துக்கொண்டேன். இப்போது ஜூனியர் தம்பி தங்கைகள் இந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது என்று கேட்கும்போது ஒன்றைத்தான் சொல்கிறேன்: ஃபேனைப் படிக்காதீர்கள், காற்று வரும் வழியைப் படியுங்கள். கிரில்லில் நுழைந்து, ரேடியேட்டர் துடுப்புகளைக் கடந்து, ஷ்ரவுட்டுக்குள் குவிந்து, பிளேடு வழியாக இன்ஜின் பக்கம் வெளியேறும் வரை அதன் கூடவே போய்ப் பாருங்கள். தியரி, கணக்கு, வைவா (வாய்மொழித் தேர்வு) மூன்றுக்கும் விடை அந்த வழியிலேயே கிடக்கிறது.

ஃபேன் எதற்கு என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். "இன்ஜினைக் குளிர்விக்க" என்று எழுதினால் பாதிதான் கிடைக்கும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது வண்டியின் ஓட்டமே காற்றைத் தள்ளிவிடும், ஃபேன் நின்றிருந்தாலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஃபேன் தேவைப்படுவது சிக்னலில் நிற்கும்போதும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முழு லோடோடு முதல் கியரில் ஏறும்போதும்தான். இன்ஜின் முழுமூச்சாக உழைக்கும், வண்டி ஊர்ந்துதான் போகும். ஃபேனின் அளவை முடிவு செய்வது அந்த நிலைமை. பின்னால் இன்ஜின் உள்ள பஸ்ஸில் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றே சரியாகக் கிடைக்காது, முழுப் பாரமும் ஃபேன் மேல்தான். இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. அம்பாசடரில் பெல்ட் ஃபேன், 1983-இல் வந்த மாருதி 800-இல் எலெக்ட்ரிக் ஃபேன், ஏன்? மாருதியில் இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கிறது. கிராங்க் புல்லி (இன்ஜின் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) பக்கவாட்டைப் பார்க்கிறது, ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது. பெல்ட் போட்டு ஃபேனை அங்கே சுற்ற எளிதான வழியில்லை. இந்தக் காரணத்தை எழுதினால் திருத்துபவருக்கு நீங்கள் புரிந்து படித்தவர் என்று தெரிந்துவிடும்.

சரி, ஷ்ரவுட்டுக்கு வருகிறேன். புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. ரேடியேட்டர் செவ்வகம், ஃபேன் வட்டம். 500-க்கு 450 மி.மீ. ரேடியேட்டருக்குப் பின்னால் 400 மி.மீ. ஃபேனை வைத்தால், ஃபேன் மூடும் பரப்பு பாதியைக் கொஞ்சம்தான் தாண்டும். மூலைகளிலிருந்தும் காற்றை இழுத்துக்கொண்டு வருவது ஷ்ரவுட்தான்.

புராஜெக்ட்டுக்காக நாங்கள் சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு பழைய கார் ரேடியேட்டரும் ஷ்ரவுட்டோடு ஃபேனும் வாங்கி வந்தோம். 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, ஷ்ரவுட்டின் வட்ட வாயை அட்டை வளையங்களால் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தோம். வளையத்தின் உள்விளிம்பில், விரல் நீளத் தையல் நூல்களைச் சுற்றிலும் ஒட்டினோம். பிளேடு நுனிக்கும் வளையத்துக்கும் இடைவெளி குறைவாக இருந்தபோது எல்லா நூலும் காற்று போகும் பக்கமாகவே நீண்டு நின்றன. இடைவெளியைக் கூட்டியதும் விளிம்பிலிருந்த நூல்கள் துடித்து, ஒவ்வொன்றாகத் திரும்பி ரேடியேட்டர் பக்கம் பார்த்தன. ஃபேன் தள்ளிய காற்றே நுனி வழியாகச் சுற்றி வந்து மறுபடி ஃபேனுக்குள் நுழைகிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். வண்டியில் அது ஏற்கெனவே சூடான காற்று.

அப்படியானால் இடைவெளியே இல்லாமல் வைத்துவிடலாமே என்று வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். லாரியில் ஃபேன் இன்ஜினோடு இருக்கிறது, இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் ஆடுகிறது. ஷ்ரவுட் பெரும்பாலும் ரேடியேட்டரோடு சேஸிஸில் நிற்கிறது. ஆட்டத்துக்கு இடம் விடாவிட்டால் பிளேடு ஷ்ரவுட்டை அறுத்துவிடும். எலெக்ட்ரிக் ஃபேனின் மோட்டார் ஷ்ரவுட்டிலேயே உட்கார்ந்திருப்பதால் இரண்டும் சேர்ந்தே ஆடும், அதனால் இடைவெளியைக் குறைவாக வைக்க முடிகிறது. பிளாஸ்டிக் ஃபேன்களில் பிளேடு நுனிகளை ஒரு வளையத்தால் சேர்த்திருப்பதற்கும் இந்தக் கசிவு ஒரு காரணம். ஆழத்தையும் நினைவில் வையுங்கள்: கூர்மையான விளிம்புள்ள ஷ்ரவுட்டில், இழுக்கும் வகை ஃபேனின் பிளேடு அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளேயும் ஒரு பங்கு வெளியேயும் இருப்பது வழக்கமான தொடக்க அளவு.

கணக்கில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கூலன்ட் (இன்ஜினுக்குள் சுற்றிச் சூட்டை வாங்கி வரும் திரவம்) வெளியேற்ற வேண்டிய வெப்பம் 40 கிலோவாட், ரேடியேட்டரைக் கடக்கும் காற்று 30 டிகிரி சூடாகலாம் என்று வையுங்கள். காற்றின் தன்வெப்பம் கிலோவுக்கு, டிகிரிக்கு 1.005 கிலோஜூல். 30-ஐ 1.005-ஆல் பெருக்கினால் 30.15. 40-ஐ அதால் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 1.33 கிலோ காற்று. இதைக் கன மீட்டராக்கும்போது பழக்கத்தில் கன மீட்டருக்கு 1.225 கிலோ என்ற அடர்த்தியைப் போட்டுவிடுகிறோம். அது 15 டிகிரிக் காற்றுக்கு உரியது. 40 டிகிரி வெயிலில் அடர்த்தி சுமார் 1.13. அதன்படி விநாடிக்கு 1.17 கன மீட்டர் வேண்டும், பழைய எண்ணில் 1.08-தான் வரும். நம் ஊர் மே மாதத்துக்கு 8 சதவீதம் குறைவான ஃபேனை டிசைன் செய்துவிட்டோம் என்று அர்த்தம். எந்த வெப்பநிலைக்கு அடர்த்தி எடுத்தீர்கள் என்பதை விடைத்தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஃபேன் விதிகள் மூன்றையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். காற்றின் அளவு வேகத்தைப் போல, அழுத்தம் வேகத்தின் இருமடியைப் போல, சக்தி மும்மடியைப் போல. 2000 ஆர்பிஎம்மிலிருந்து (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 2400-க்குப் போனால் காற்று 1.2 மடங்கு, அழுத்தம் 1.44 மடங்கு, ஃபேன் தின்னும் சக்தி 1.73 மடங்கு. ஃபேனைத் தேவைப்படும்போது மட்டும் இன்ஜினோடு இறுக்கிப் பிடிக்கும் விஸ்கஸ் கிளட்ச் ஏன் வந்தது என்ற கேள்விக்கு இந்தக் கடைசி எண்தான் விடை. தேவையில்லாதபோதும் ஃபேனை இன்ஜின் வேகத்துக்குச் சுற்றினால் அவ்வளவு டீசல் வீண்.

விஸ்கஸ் கிளட்ச்சில் வைவா கேள்விகள் கொட்டிக்கிடக்கின்றன. உள்ளே இருப்பது சிலிக்கோன் ஆயில். முன்னால் தெரியும் சுருளோ பட்டையோ பைமெட்டல், சூட்டில் வளையும் இரட்டை உலோகம். அது உணர்வது கூலன்ட்டின் சூட்டை என்று பலர் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் சூட்டைத்தான் அது உணர்கிறது. காற்று சூடானால் வால்வு திறந்து ஆயில் வேலை செய்யும் அறைக்குள் போகும், பிடிப்பு வரும். காலையில் வண்டியை எடுத்ததும் ஃபேன் உறுமிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அடங்குகிறதே, அது கோளாறா? இல்லை. இரவில் ஆயில் அந்த அறைக்குள் இறங்கித் தங்கியிருக்கும், ஓடியதும் திரும்பிக் கிளட்ச்சுக்குள் இருக்கும் தொட்டிக்குப் போய்விடும். இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, கையால் சுழற்றும்போது கொஞ்சம் இறுக்கம் தெரிய வேண்டும். தட்டிவிட்டால் பல சுற்று தானாக ஓடினால் ஆயில் போய்விட்டது. பைமெட்டலைச் சுற்றியும் பேரிங் பக்கமும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றி வைக்கும்போது வண்டியில் நிற்கிறபடியே நிமிர்த்தி வையுங்கள், படுக்கப் போட்டால் ஆயில் கசியலாம்.

மாட்டும் வேலையில் நான் பழகிக்கொண்ட வரிசை இது. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவேன். எலெக்ட்ரிக் ஃபேன் சாவியை எடுத்த பிறகும் தானாக ஓடத் தொடங்கலாம், விரல் போய்விடும். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். அடுத்து ரேடியேட்டர் முகத்தில் ஒரு அட்டையைச் சொருகுவேன், ஸ்பேனர் வழுக்கினால் துடுப்பு நசுங்காது. நடுவில் ஒரே பெரிய நட் உள்ள ஃபேனாக இருந்தால், பலம் போடுவதற்கு முன்னால் மேனுவலில் இடது மரையா என்று பார்ப்பேன். பிளேடில் விரிசல் இருந்தால் ஒட்டவோ, வளைந்திருந்தால் தட்டி நேராக்கவோ மாட்டேன், மாற்றிவிட வேண்டியதுதான். போல்ட்டுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவல் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) இறுக்குவேன். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கையால் ஒரு முழுச் சுற்று சுழற்றி, ஷ்ரவுட்டில் எங்கேயாவது உரசுகிறதா என்று பார்ப்பேன். ரேஸ் பண்ணும்போது பிளேடு சுற்றும் வட்டத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, நீங்களும் தேர்வாளரும் உட்பட. "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்று அவரிடம் சொன்னால் கோபிக்க மாட்டார், பாதுகாப்புக்கான மதிப்பெண்ணைப் போடுவார்.

பேலன்ஸ் பற்றி ஒரே ஒரு கணக்கு. ஃபேன்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பேலன்ஸ் தரம் ஜி 6.3. 2 கிலோ ஃபேன், 3000 ஆர்பிஎம் என்றால் அனுமதிக்கப்படும் எடைப் பிசகு சுமார் 40 கிராம்-மில்லிமீட்டர். 200 மி.மீ. ஆரத்தில் அது 0.2 கிராம், இரண்டு குன்றிமணி எடைகூட இல்லை. ஒரு பிளேடில் சேறு ஒட்டியிருந்தாலே வாட்டர் பம்ப் பேரிங் ஏன் சீக்கிரம் போகிறது என்பது இதில் புரிந்துவிடும். சில ஃபேன்களில் பிளேடுகள் சம இடைவெளியில் இருக்காது. அது வார்ப்புக் குறை இல்லை, ஒரே சுருதியில் ஊளையிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

தியரித் தேர்வு கணினியில் நடப்பதால் மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தின் வினா வங்கியை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிடுங்கள். சென்னை கிண்டியில் இருக்கும் நிமி (ஐடிஐ பாடப் புத்தகங்கள் தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனம்) வெளியிடும் டிரேட் பிராக்டிகல் புத்தகம் கையில் இருக்கட்டும். ஆனால் உங்கள் ஐடிஐயில் வெட்டி வைத்த மாடல் இன்ஜின் மட்டும்தான் இருக்கிறதென்றால் அது போதாது. ஒரு சனிக்கிழமை பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய், "அண்ணே, படிக்கிற பையன், ஓரமா நின்னு பாத்துக்கிறேன்" என்று கேளுங்கள். தங்கைகள் கேட்டாலும் சரிதான் என்பார்கள், நான் கேட்ட இடங்களில் யாரும் விரட்டவில்லை. அங்கே ஒரு ஆக்டிவா ஸ்கூட்டர் திறந்து கிடந்தால் மேக்னெட் மேல் இருக்கும் ஃபேனையும் அதை மூடும் பிளாஸ்டிக் கவரையும் பார்த்துவிடுங்கள். காற்றை அச்சின் போக்கில் தள்ளும் ஆக்சியல், பக்கவாட்டில் வீசும் சென்ட்ரிஃபியூகல் ஃபேன்களின் வித்தியாசம் அதில் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். அந்தக் கவர் இல்லாமல் வண்டி ஏன் சூடாகும் என்பது, மேலே ஷ்ரவுட்டில் படித்த அதே சங்கதி.

போகும்போது பாக்கெட்டில் ஒரு வெள்ளைத்தாளும் கொஞ்சம் தையல் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் மட்டும் வையுங்கள், பிளேடு இருக்கும் பக்கம் கை போகவே கூடாது. நடுவில், நாலு மூலையிலும் தனித்தனியாக வைத்துப் பார்த்து, எந்த மூலையில் பிடிப்பு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூலையில் ஷ்ரவுட்டின் ரப்பர் கிழிந்திருக்கிறதா, துடுப்பில் பூச்சியும் வைக்கோலும் அடைத்திருக்கிறதா என்று அந்த அண்ணனிடமே கேட்டு, இன்ஜினை நிறுத்தியபின் சேர்ந்து பாருங்கள்.