படகு இருக்கைக்கு ஏற்ற மெத்தை

நுவரெலியா கிறகரி வாவியில் ஓடும் எங்கள் சிறிய மோட்டார் படகின் பலகை இருக்கைகளுக்கு மெத்தை தைக்கக் கொடுத்தபோது, நான் முதலில் வலியுறுத்தியது உள்ளே வைக்கும் ஸ்பொஞ்சைப் பற்றித்தான். வீட்டுக் கதிரைக்குப் போடும் சாதாரண ஸ்பொஞ்ச் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், மூடுபனியும் தூறலும் மிகுந்த இந்த ஊரில் அது இலகுவில் காயாமல் பூஞ்சணம் பிடித்து நாறிவிடும். உள்ளிருக்கும் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியிருக்கும் வகை ஃபோம் நீரை உள்ளே விடாது; சற்று விறைப்பாக இருந்தாலும் அதுவே மேல் என்பது என் எண்ணம். மேலுறைக்கு ரெக்சின் எடுத்தோம். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும் என்பதால், பொலியெஸ்டர் நூலால் தைக்கச் சொன்னேன். தையல் வழியே கசியும் நீர் வடிந்து போவதற்காக அடிப்பலகையில் சிறு துளைகளும் இடுவித்தேன். இருக்கையை மட்டும் அதிகம் உயர்த்தக் கூடாது. ஆட்கள் உயரத்தில் அமர்ந்தால் சிறு படகு எளிதில் சாயும்.