துண்டின் பின்பக்கம்

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், நினைவு மலர், எல்லாம் அடிப்போம். இரவில் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவேன் என்பது எப்படியோ முதலாளியின் காதுக்குப் போய்விட்டது. ஒருநாள் பழைய பைல் ஒன்றை நீட்டினார். "தம்பி, எங்கட ஐயாவைப் பற்றியும் ஒரு கட்டுரை போட்டுவிடும். நாடகத்துக்காகச் சொத்தை அழிச்ச மனுசன்."

அன்றிரவே எழுதிப் பதிந்தேன், பதினொரு மேற்கோளோடு. மூன்றாம் நாள் நீக்கல் வார்ப்புரு, அதாவது கட்டுரையை அழிக்கலாம் என்ற அறிவிப்பு, விழுந்தது: குறிப்பிடத்தக்கமைக்கு, தனிக்கட்டுரை போடுமளவுக்கு ஆள் முக்கியமானவர் என்பதற்கு, சான்றில்லை. எனக்குச் சரியான கோபம். பிறகு மேற்கோள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மரண அறிவித்தல், குடும்பமே காசு கட்டிப் போட்டது. அந்தியேட்டி மலர், எங்கள் மெஷினில் அடித்தது. வாழ்த்துப்பா? ஒரே பாவைப் பெயர் மாற்றி மூன்று பேருக்கு அடித்திருக்கிறோம், புரூஃப் பார்த்தவனே நான்தான். விக்கி கேட்பது, அவரோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒருவர், தானாக, ஓரளவு விரிவாக எழுதியதை. நூலகம் தளத்தில் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஏற்றி வருகிறார்கள். அங்கே தேடினேன், ஒரு பட்டியலில் அவர் பெயர் மட்டும் அகப்பட்டது. அது கணக்கில் வராது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த 97,000 அளவான நூல்களில் யார் யாரைப் பற்றி என்ன இருந்ததோ, விதி அதற்குக் கழிவு கொடுப்பதில்லை. அது எனக்கு இன்னும் ஆறாத குறை. ஆனாலும் அந்த வாழ்த்துப்பாவை நினைத்தால் விதியைத் தளர்த்தச் சொல்ல வாய் வருவதில்லை.

ஆதாரம் இணையத்தில்தான் இருக்கவேண்டும் என்றில்லை, பழைய பேப்பரும் போதும். எந்தப் பேப்பர், எந்தத் தேதி என்று மட்டும் சொல்லவேண்டும். பைலில் நாலு பத்திரிகைத் துண்டுகள் இருந்தன. நாலையும் படத்தைச் சுற்றி நெருக்கி வெட்டியிருந்தார்கள். பெயரும் தேதியும் மேல் ஓரத்தோடு குப்பைக்குப் போய்விட்டன.

ஒன்றைத் திருப்பினேன். பின்பக்கத்தில் லொத்தர் முடிவு. இலக்கங்கள் பாதி வெட்டுப்பட்டிருந்தன, சீட்டிழுப்புத் தேதி தப்பியிருந்தது: 1974, ஒக்டோபர். லீவு போட்டுக்கொண்டு கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குப் போனேன். அந்த மாதத்துப் பேப்பர்க் கட்டைப் புரட்டப் புரட்டக் கையெல்லாம் தூள். மத்தியானத்துக்குப் பிறகு அகப்பட்டது, அரைப் பத்தி விமர்சனம். நடிப்பைப் புகழ்ந்துவிட்டு, இரண்டாம் அங்கத்தில் குரல் எடுபடவில்லை என்று முடித்திருந்தார் எழுதியவர். பைலில் இருந்த துண்டில் அந்தக் கடைசி வரிகள் இல்லை. கத்தரிக்கோல் அதற்கு முன்பே திரும்பியிருந்தது.

இதற்கிடையில் இன்னொரு வில்லங்கம். வேலையின் பேரில் எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று 2014 முதல் விக்கிமீடியாவின் விதிமுறையில் இருக்கிறது. என் பயனர் பக்கத்தில் அதையும் எழுதிவைத்தேன்.

பிரதியைக் காட்டினேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"இந்தக் கடைசி வரியையும் போடவேணுமே?"

"ஓம் முதலாளி."

பைலை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். கட்டுரை இன்னும் என் மணல்தொட்டியில்தான், விக்கியில் வரைவு எழுதிப் பார்க்கும் பக்கத்தில்தான், கிடக்கிறது. ஒரு விமர்சனம் மட்டும் போதாது. மற்ற மூன்று துண்டுகளின் பின்பக்கமும் சவர்க்கார விளம்பரம்.