கடைசியாக ரிஜெக்ட் செய்தது எது?

இரண்டு வருட அனுபவம் சேர்ந்திருந்த சமயம். எந்திர பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். இன்னும் கொஞ்சம் பெரிய இடத்துக்குப் போகலாமே என்று விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரு வாரம் விழுந்து விழுந்து தயாரானேன். உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி மனப்பாடம் செய்தேன். பலவீனத்துக்கு ‘எந்த வேலையும் கச்சிதமாக முடியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது’ என்று ஒரு பதில் தயாராக இருந்தது. இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் பயோடேட்டாவை ஒரு தடவை புரட்டினார். “கடைசியா நீங்க ரிஜெக்ட் பண்ண பார்ட் எது? ஏன் ரிஜெக்ட் பண்ணீங்க?”

அவ்வளவுதான். வாய் அடைத்துவிட்டது. தினமும் செய்கிற வேலை அது. ஆனால் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. “நிறைய பண்ணியிருக்கேன் சார், அளவு சரியா இல்லன்னா ரிஜெக்ட் பண்ணிடுவோம்” என்று ஏதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

வெளியே வந்து மாடிப்படி இறங்கும்போதுதான் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் நாற்பது புஷ்களை (நடுவில் துளையுள்ள உருளை வடிவ பாகங்கள்) நிறுத்தி வைத்திருந்தேன். துளையின் அளவைச் சரிபார்க்கும் பிளக் கேஜில் ‘கோ’ முனை துளைக்குள் போக வேண்டும், ‘நோ-கோ’ முனை போகக் கூடாது. அன்று இரண்டும் போயின. துளை பெரிதாகிவிட்டது, திருப்பிச் சரிசெய்யவும் வழியில்லை. அனுப்பியே ஆக வேண்டும் என்று உற்பத்திப் பிரிவு சூப்பர்வைசர் சத்தம் போட்டார். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றேன். கடைசியில் பார்த்தால், துளை போடும் டிரில் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அந்த மூன்று பேரும் கேட்க விரும்பிய கதை இதுதான். என்னிடம் இருந்தது, ஆனால் நான் எடுத்துப் போகவில்லை.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது. சின்ன நோட்டு ஒன்றில் வெள்ளிக்கிழமை தோறும் நாலு வரி. அந்த வாரம் என்ன சிக்கல் வந்தது, நான் என்ன செய்தேன், என்ன ஆனது. நாலு வரிக்கு மேல் எழுதினால் அடுத்த வாரம் எழுத மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அடுத்த நேர்காணல் வந்தபோது வேலை விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் நோட்டிலிருந்து ஒரு சம்பவத்தைத் தேடினேன். இரண்டு வரிகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சரி, இந்த இரண்டிலும் தெரியாது என்று சொல்லிவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போனேன். அந்த வேலை கிடைத்தது.

நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு என்று நாலாகப் பிரித்துச் சொல்லும் ‘ஸ்டார்’ முறையைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் பெரும்பாலானவர்கள் நிலைமையை மூன்று நிமிடம் விவரிப்பார்கள், செயலை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். கேட்பவருக்கு வேண்டியதே அந்தச் செயல்தான். அங்கேயும் ‘நாங்க பண்ணினோம், நாங்க முடிச்சோம்’ என்று போய்க்கொண்டிருந்தால், இதில் உங்கள் கை எது என்று தெரியாது. நான் இப்போதெல்லாம் நடுவில் நிறுத்திக் கேட்டுவிடுவேன்: “அதுல நீங்க என்ன பண்ணீங்க?”

ஆமாம், சில வருடங்களாக நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் கேள்வி கேட்பவர்களும் எவ்வளவு சுலபமாக ஏமாறுவார்கள் என்று புரிந்தது. முதல் வருடம் ஒருவர் வந்தார். நேர்த்தியான உடை, நல்ல குரல், கண்ணைப் பார்த்துப் பேச்சு. மதிப்பெண் தாளில் தொழில் அறிவு, பொறுப்பு, குழுவோடு ஒத்துப்போவது என்று எல்லாக் கட்டத்திலும் நான் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தேன். ஆனால் தொழில் அறிவு பற்றி அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை! அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் அது வெளியே வந்தது.

இதற்குப் பெயரே இருக்கிறது என்று அப்புறம் தெரிந்தது. எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920இல் இதைப் பற்றி எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்திருக்கிறார். உடல்வாகுக்கு நிறையப் போட்டவர்கள் அறிவுக்கும் தலைமைக் குணத்துக்கும் சேர்த்தே நிறையப் போட்டிருந்தார்கள். ‘ஹேலோ’ (ஒளிவட்டம்) என்று அவர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அதாவது, நூறு வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்த தவறை நான் புதிதாகச் செய்திருந்தேன்.

பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒவ்வொரு பதிலுக்கும் உடனே மதிப்பெண் என்று மனிதவளப் பிரிவு விதி கொண்டுவந்தபோது, காகித வேலை கூடுகிறதே என்று முணுமுணுத்தேன். 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரையிலும், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட இப்படி வரையறுத்து நடத்துவதுதான் ஒருவர் வேலையை எப்படிச் செய்வார் என்பதை நன்றாகக் கணிக்கிறது என்று இருக்கிறது. முணுமுணுப்பை நிறுத்திவிட்டேன். அந்தக் கேள்விப் பட்டியலில் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக உடையும் நடையும் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. பத்து நிமிடம் முன்னால் வந்துவிட்டால் மூச்சு வாங்காமல் பேசலாம். கசங்காத சட்டை போதும், புதுச் சட்டை வேண்டாம். அதன் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். வீடியோ நேர்காணல் என்றால் கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் எங்களுக்கு நிழல்தான் தெரியும். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் ஜாதகத்தை ஒப்பிக்க வேண்டாம், காகிதம் எங்கள் கையில் இருக்கிறது. பழைய மேலாளரைத் திட்டாதீர்கள், நியாயமே உங்கள் பக்கம் இருந்தாலும். நாளைக்கு என்னையும் இப்படித்தானே சொல்வார் என்று தோன்றிவிடும்.

எனக்குப் பிடித்த நேர்காணல் ஒன்று போன வருடம் நடந்தது. வந்த பெண்ணுக்கு அனுபவம் குறைவு, குரலில் நடுக்கம். தண்ணீர் டம்ளரை எடுத்தவர் குடிக்காமலே திரும்ப வைத்தார். புள்ளியியல் முறைத் தரக் கட்டுப்பாடு பற்றிக் கேட்டேன். “படிச்சிருக்கேன் சார், ஆனா வேலையில செஞ்சு பார்த்ததில்ல” என்றார். தாளில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் நேர்காணலில் ஒரு சின்னச் செய்முறை உண்டு. ஷாஃப்ட் என்கிற உருளைத் தண்டு ஒன்றையும், அளக்கும் கருவியான வெர்னியர் காலிபரையும் கொடுத்து விட்டத்தை அளக்கச் சொல்வோம். வருகிறவர்களில் பலர் உடனே ஷாஃப்டைப் பிடித்துவிடுவார்கள். இவர் முதலில் கைக்குட்டையால் காலிபரின் தாடைகளைத் துடைத்தார். ஒன்றும் வைக்காமல் தாடைகளை மூடி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பூஜ்யத்தோடு பூஜ்யம் நேராக நிற்கவில்லை. “0.04 மில்லிமீட்டர் கூடக் காட்டுது சார்” என்றார். அப்புறம்தான் ஷாஃப்டை எடுத்தார். ஒரே இடத்தில் விட்டுவிடாமல் மூன்று இடத்தில் அளந்தார். 25.36 என்று படித்து, 0.04ஐக் கழித்து, 25.32 என்று எழுதினார். அந்த ஐந்து நிமிடமும் குரலில் நடுக்கம் இல்லை.

கடைசியில், “நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்றேன். இந்த இடத்தில் ‘ஒன்றுமில்லை சார்’ என்பதுதான் வழக்கமான பதில். சம்பளம் எப்போது சொல்வீர்கள் என்றோ, இந்த வேலையை முன்பு பார்த்தவர் இப்போது எங்கே என்றோ கேட்கலாம், தப்பில்லை. அவர் கொஞ்சம் தயங்கினார்.

“இந்த வெர்னியர் கடைசியா எப்ப சார் காலிபரேஷன் ஆச்சு?”

வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். ஸ்டிக்கரில் இருந்த அடுத்த காலிபரேஷன் தேதி, அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்க வேண்டிய தேதி, தாண்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்தில் இருந்த மனிதவளப் பிரிவுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குக் காட்டவில்லை.

அந்தப் பெண் அடுத்த மாதம் சேர்ந்தார். முதல் நாளே அந்த வெர்னியரைக் காலிபரேஷனுக்கு அனுப்பிவிட்டு, படிவத்தில் கையெழுத்துக்காக என் மேஜைக்கு வந்து நின்றார்.