முறுக்கு எண்ணெயில் பயோடீசல்: சோடாவா, பொட்டாஷா, கிளிஞ்சல் சுண்ணாம்பா?

காரைக்குடியில் எங்கள் தெருவிலேயே பலகாரம் போடும் ஆச்சி ஒருவர் இருக்கிறார். தேன்குழல், சீப்புச் சீடை எல்லாம் சுட்டு முடித்தால் வாரத்துக்கு அரை டின் எண்ணெய் கறுத்துப்போய் மிஞ்சும். "இந்தக் கசட்டைக் கொண்டுபோயி என்ன செய்யப் போறீக தம்பி?" என்றார். டீசல் என்றேன். சிரித்துவிட்டு டின்னை என் பக்கம் தள்ளினார்.

எண்ணெயோடு மெத்தனாலைச் சேர்த்தால் மேலே பயோடீசலும் கீழே கிளிசரினும் பிரியும். ஆனால் இரண்டும் சும்மா சேராது. நடுவில் ஒரு வினையூக்கி வேண்டும். எதைப் போடுவது என்று முடிவெடுக்கத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது. மெத்தனால் விஷம், உரிமம் இல்லாமல் வாங்கக் கூடாது, ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அதனால் எல்லா வேலையும் கல்லூரியில் வேதியியல் நடத்தும் நண்பரின் ஆய்வகத்தில், அவர் பக்கத்தில் இருக்கும்போதுதான்.

முதலில் காஸ்டிக் சோடா. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். புது எண்ணெய்க்கு லிட்டருக்கு 3.5 கிராம் போதும். சுட்ட எண்ணெயில் அமிலம் ஊறியிருக்கும். அதைத் தணிக்க எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்று அளந்து பார்க்க வேண்டும். 1 மி.லி. எண்ணெயை 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, லிட்டருக்கு 1 கிராம் சோடா கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நிறம் காட்ட பினாப்தலீனுக்குப் பதில் மஞ்சள்தூள். ஆலம் (ஆரத்தி) கரைக்கும்போது சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்குமே, அதே சங்கதிதான். 1.9 மி.லி.யில் சிவந்து நின்றது. இந்த அளவில் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டர் எண்ணெய்க்கு ஒரு கிராம் சோடாவுக்குச் சமம். ஆக, லிட்டருக்கு 3.5 + 1.9 = 5.4 கிராம்.

கணக்கு சரி, வேலைதான் கெட்டது. 200 மி.லி. மெத்தனாலில் சோடாவைக் கரைத்து, 55 டிகிரியில் இருந்த எண்ணெயில் ஊற்றி ஒரு மணி நேரம் கலக்கினேன். காலையில் பார்த்தால் அடியில் கிளிசரின் இல்லை. முழுவதும் கெட்டி மோர் மாதிரி வெளுத்து நின்றது. சோப்பு! மிச்சமிருந்த எண்ணெயில் ஒரு சொட்டைக் காய்ந்த கரண்டியில் விட்டேன். தாளிப்பு மாதிரி சடசடவென்று வெடித்தது. அவ்வளவு தண்ணீர். மாவின் ஈரம் எங்கே போகும், எண்ணெயில்தானே இருக்கும். அப்புறம் ஒவ்வொரு முறையும் எண்ணெயை 110 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சடசடப்பு அடங்கிய பிறகுதான் 55-க்கு ஆற விட்டேன். மெத்தனாலைத் திறப்பது அதற்கும் பிறகுதான். (பாத்திரம் எவர்சில்வர்தான். அலுமினியத்தை இந்தச் சோடா அரித்துத் தின்றுவிடும்.)

காய்ச்சிய எண்ணெயில் சோடா ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் ஆறியதும் கிளிசரின் கட்டியாக உறைந்து பிரிகலனின் குழாயை அடைத்துக்கொண்டது. கம்பியால் குத்தி எடுக்கவே அரை நாள் போயிற்று.

அடுத்து காஸ்டிக் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. ஒரே எடையில் சோடாவைவிடச் சக்தி குறைவு, அதனால் 1.4 மடங்கு வேண்டும். எனக்குக் கிடைத்ததோ 85 சதவீதச் சுத்தம்தான். 5.4-ஐ 1.4-ஆல் பெருக்கி 0.85-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.9 கிராம். சோடாவைவிட விலையும் கூடுதல். ஆனாலும் மெத்தனாலில் சட்டென்று கரைந்தது, கிளிசரின் மறுநாளும் திரவமாகவே இருந்து குழாயைத் திறந்ததும் வழிந்து இறங்கியது. 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலை விட்டுக் குலுக்கினேன். மாறாத எண்ணெய் இருந்தால் அடியில் தங்கும், ஒன்றும் தங்கவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் செட்டிநாட்டில் இருந்துகொண்டு சுண்ணாம்பை விட மனம் வருமா? கிளிஞ்சலைச் சுட்டால் வரும் கால்சியம் ஆக்சைடும் ஒரு வினையூக்கிதான். எண்ணெயில் கரையாது, அதனால் வடித்து எடுத்துவிடலாம் என்பது அதன் கவர்ச்சி. பழைய வீட்டுச் சுவர்ப் பூச்சு பார்க்கும் கொத்தனார் அண்ணனிடம் ஒரு பை வாங்கி வந்தேன். மூன்று மணி நேரம் கலக்கியும் எண்ணெய் எண்ணெயாகவே கிடந்தது. சாக்கில் கிடந்த சுண்ணாம்பு காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் குடித்து எப்போதோ செத்துப்போயிருந்தது.

ஆய்வக உலையில் 900 டிகிரியில் மறுபடி சுட்டு, சூடு ஆறியதும் மூடி வைத்து, மெத்தனாலை இரட்டிப்பாக்கி, 60 டிகிரியில் மீண்டும் மூன்று மணி நேரம். இந்த முறை பிரிந்தது. கிளிசரின் பொட்டாஷில் வந்ததைவிடத் தெளிவு. ஆனால் 27-க்கு 3 சோதனையில் அடியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தங்கியது. எண்ணெயின் அமிலத்தோடு சுண்ணாம்பு சேர்ந்து கால்சியம் சோப்பாகி, பயோடீசல் பூராவும் ஒரு வெள்ளை மங்கல். புதுக் கடலை எண்ணெயில் இதே சுண்ணாம்பு நன்றாக நடந்தது. ஆனால் இட்லிப் பொடிக்கு ஊற்றும் எண்ணெயை யார் டீசலாக்குவார்கள்?

ஆச்சியின் எண்ணெய்க்கு இப்போதைக்குப் பொட்டாஷ்தான். தீபாவளிக்குப் பிறகு வரும் டின் இன்னும் கறுப்பாக இருக்கும், அளவில் 1.9 எங்கே போய் நிற்கும் என்று பார்க்க வேண்டும். ரொம்ப ஏறிவிட்டால் முதலில் கந்தக அமிலம் சேர்த்த மெத்தனாலில் ஒரு சுற்று ஓட்டி அமிலத்தை இறக்க வேண்டியிருக்கும். மீதிச் சுண்ணாம்பைக் கொத்தனார் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சுவருக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டார்.