நோட்டில் எழுத்து இல்லாத மாதங்கள்

திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அங்கன்வாடிக்குப் புதிதாகப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மா கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "ஏனுங்க டீச்சர், புள்ளைக்கு எப்பங்க எழுதச் சொல்லித் தருவீங்க?" கேட்பவர் பனியன் கம்பெனி வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் இருப்பார். மூன்றரை வயதுப் பிள்ளையின் நோட்டில் பத்து 'அ' இருந்தால் அவருக்கு நிம்மதி. நோட்டு வெறுமையாக இருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளை முந்திவிட்டது என்ற பயம். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. படிப்பு இல்லாமல் என்னென்ன போயிற்று என்று அனுபவித்தவர்களுக்கு வருகிற பயம் அது. ஆனாலும் நான் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: எழுத்து முதலில் காதுக்கு வரட்டும், கைக்கு அப்புறம் வரும்.

எங்கள் வேலையை மக்கள் பார்க்கும் விதத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டமும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு பள்ளி செல்லாத சிறு பிள்ளைகளையும் எண்ணித் தொடங்கியது. எடை, தடுப்பூசி, சத்துமாவு, முட்டை என்று பசிக்கும் நோய்க்கும் எதிராக நின்ற இடம் இது. அதனால்தான் "சாப்பாட்டுக்குப் பால்வாடி, படிப்புக்கு கான்வென்ட்" என்ற பேச்சு இன்னும் ஊரில் இருக்கிறது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்தபோது பெற்றோருக்கு வந்த உற்சாகத்தின் பின்னாலும் இந்தப் பேச்சு இருந்தது. முன்பருவக் கல்வி முதலிலிருந்தே எங்கள் பணிகளில் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் கல்வி எங்கள் மையத்தில் பெரும்பாலும் காய்கறியில்தான் ஆரம்பிக்கும். உதவியாளர் அக்கா மதியச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கும்போது பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒவ்வொரு காயின் பெயரையும் கைதட்டிச் சொல்வோம். தக்-கா-ளி, மூன்று தட்டு. வெங்-கா-யம், அதுவும் மூன்று. உ-ரு-ளைக்-கி-ழங்-கு வரும்போது ஆறு தட்டு தட்ட வேண்டும் என்பதால் ஒரே கொண்டாட்டம். சில வாரங்களில் இது பழகிவிடும். பிறகு அடுத்த விளையாட்டு. "தக்காளியில தக்கை எடுத்துட்டா என்ன இருக்கும்?" முதலில் யாருக்கும் புரியாது. வாய்க்குள்ளேயே முனகிப் பார்ப்பார்கள். திடீரென்று ஒரு பிள்ளை "காளி!" என்று கத்தும். அன்று முழுக்க அந்த மையத்தில் தக்காளிக்குப் பெயர் காளிதான். பலகாரத்தில் 'பல'வை எடுத்தால் காரம் மிஞ்சுகிறது என்று கண்டுபிடித்த நான்கு வயதுப் பையன் அதை வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னான். எடை பார்க்கப் பிள்ளையைத் தூக்கிவந்த தாய்மார்களிடமும் சொன்னான்.

பார்ப்பவர்களுக்கு இது வெறும் விளையாட்டு. எனக்கு இதுதான் அன்றைய பாடத்தின் நடு மையம். ஒரு சொல்லை அதன் பொருளிலிருந்து பிரித்து, வெறும் ஒலியாக வைத்து, உடைத்து, ஒரு துண்டை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வந்துவிட்டது. எழுத்து என்பது இந்த ஒலித் துண்டுகளுக்குப் போடும் அடையாளம்தானே. தமிழ் எழுத்து இதற்கு வாகாகவும் இருக்கிறது. 'கா' என்ற ஒரு தட்டுக்கு 'கா' என்ற ஓர் எழுத்து. 'தக்' போன்ற இடங்களில் மட்டும் ஒரு புள்ளி எழுத்து கூடச் சேரும். ஆங்கிலத்தில் முதல் படியிலேயே தனித்தனி ஒலியாகப் பிரிக்க வேண்டிய கஷ்டம் தமிழ்ப் பிள்ளைக்கு அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. தட்டத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று புரிகிறது. தட்டத் தெரியாமல் எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை 'அ' முதல் 'ஔ' வரை ராகமாக ஒப்பிக்கும். நடுவில் 'ஈ'யைக் காட்டி இது என்ன என்று கேட்டால் மறுபடி 'அ'விலிருந்து விரல் வைத்து எண்ணிக்கொண்டு வரும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்ற கணக்கைப் பார்த்து பெற்றோருக்கு ஏற்படும் மலைப்பு, பிள்ளையின் தலையில் இப்படித்தான் ஒப்பிப்பாக இறங்குகிறது.

அடுத்தது கதை. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது.

கதையை வாயால் சொல்வது வேறு, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாசிப்பது வேறு. பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். வாய்க்கதை என்றால் நம் ஊர்ப் பேச்சில் வரும்: யானை போச்சு, தண்ணி குடிச்சுது, வந்துருச்சு. புத்தகத்தில் யானை சென்றது, நீர் குடித்தது, திரும்பி வந்தது. வீட்டிலும் தெருவிலும் பேசுகிற தமிழும் புத்தகத்தில் அச்சாகிற தமிழும் இவ்வளவு தள்ளி இருக்கும்போது, ஒன்றாம் வகுப்பில் முதல்முறையாகப் புத்தகத் தமிழைச் சந்திக்கும் பிள்ளைக்கு இரட்டைப் பாரம். எழுத்தையும் கூட்ட வேண்டும், கூட்டி வரும் சொல்லும் புதிதாக இருக்கும். 'சென்றது' என்று தட்டுத்தடுமாறி வாசித்து முடித்தாலும், அது 'போச்சு'தான் என்று அதற்கு யார் சொல்வது? மூன்று வயதிலிருந்து புத்தகம் வாசிக்கக் கேட்ட பிள்ளைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே காதில் இருக்கும். நாங்கள் வைத்திருக்கும் சொப்புச் சாமானில் சமைத்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "சோறு வெந்தது, எல்லோரும் வந்தார்கள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் யாரும் 'வந்தார்கள்' என்று பேசுவதில்லை. புத்தகம்தான் அவளுக்கு அதைக் கொடுத்திருந்தது.

வாசிக்கும்போது வரியின் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வருவேன். இடமிருந்து வலம் போகிறோம், வரி முடிந்தால் கீழே இறங்குகிறோம், படம் பேசவில்லை, இந்தக் கறுப்புக் கோடுகள்தான் பேசுகின்றன என்பதெல்லாம் விளக்கிச் சொல்லாமலே விளங்கிவிடும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். வாசிப்பவருக்குச் சலிக்கலாம், ஆனால் மறுக்கக் கூடாது. நான்காம் ஐந்தாம் முறை நாம் ஒரு சொல்லை விட்டுவிட்டால், "டீச்சர், இங்க 'குடுகுடு'ன்னு இருக்கு" என்று அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிற பிள்ளை வாசிப்பின் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

வருகைப் பதிவுக்கு ஆளுக்கொரு பெயர் அட்டை வைத்திருக்கிறோம். காலையில் வந்ததும் தன் அட்டையைத் தேடி எடுத்துச் சுவரில் உள்ள பையில் சொருக வேண்டும். 'ம'வில் பெயர் தொடங்கும் இருவருக்குள் ஒருநாள் சண்டை. இருவரும் அதே அட்டையைப் பிடித்துக்கொண்டு அது தன்னுடையதுதான் என்றார்கள். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் எழுத்து ஒன்று, அடுத்தது வேறு என்று அவர்களே பார்த்துச் சொன்னார்கள். நான் பேசவே இல்லை.

எழுதுவதைப் பற்றி அம்மாக்களிடம் கையை வைத்தே பேசுகிறேன். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். பிறக்கும்போது அவை குருத்தெலும்பாக இருக்கின்றன. ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகின்றன, எட்டும் முடியப் பல வருடங்கள் பிடிக்கும். மூன்றரை வயதுக் கையில் பென்சிலைத் திணித்து நாலு வரி நோட்டில் அடைத்தால் அது அழத்தான் செய்யும், பிறகு நோட்டையே வெறுக்கும். அதற்குப் பதில் களிமண், கோலப்பொடி, மணி கோர்ப்பது, பனியன் வேஸ்ட்டை முறுக்கிக் கயிறாக்குவது, பட்டாணி உரிப்பது. மணலில் விரலால் எழுதுவது திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியும் உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவச் சொன்னவர்தான். ஐந்து வயதை நெருங்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வருடக் கடைசியில் ட, ப, ம போன்ற எளிய கோட்டு எழுத்துகளைக் காட்டுகிறேன். மூன்றையும் புள்ளியையும் வைத்தே படம், பட்டம், மடம் என்று சொல் கிடைத்துவிடுகிறது. முதல் நாளே சொல் வாசித்த மகிழ்ச்சி சின்ன விஷயமில்லை. 2022-ல் வெளிவந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் மூன்று முதல் ஆறு வயது வரை பாடநூலே வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களை உடனே தமிழ் பேசு என்று நெருக்குவதில்லை. கைதட்டும் விளையாட்டுக்கு மொழி தடையில்லை. உருளைக்கிழங்குக்கு அவர்கள் சொல்லும் 'ஆலு'வுக்கு இரண்டு தட்டு தட்டிவிட்டு 'உருளைக்கிழங்கு'க்கு ஆறு தட்டும்போது மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் உண்டு என்பது அப்படித்தான் தெரிந்தது.

பல இடங்களில் கதைப் புத்தகங்கள் பீரோவில் இருக்கின்றன. கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற கவலை. அந்தக் கவலை எனக்கும் புரியும். போஷன் டிராக்கர் செயலியில் விவரம் ஏற்றுவது, எடைப் பதிவு, வீடு பார்ப்பது என்று ஆயிரம் வேலைக்கு நடுவில் கிழிந்த புத்தகத்துக்கு விளக்கம் எழுத யாருக்கு நேரம்? ஆனால் கைக்கு எட்டாத புத்தகத்தால் எந்தப் பிள்ளைக்கும் பயனில்லை. எங்கள் மையத்தில் ஜன்னல் கம்பிகளுக்குக் குறுக்கே கயிறு கட்டி, புத்தகங்களைப் பிள்ளைகளின் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஒன்று வீட்டுக்கும் போகும். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே டீச்சர்" என்று தயங்குகிற பாட்டிகளிடம், படத்தைப் பார்த்து உங்களுக்குத் தெரிந்த கதையைச் சொல்லுங்கள், பக்கத்தைப் பிள்ளை திருப்பட்டும் என்கிறேன். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை அதே படத்துக்குப் பாட்டி சொன்ன வேறொரு கதையோடு வரும். அதையும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தைக் கயிற்றில் மாட்டுவோம்.